ஏசித் தண்ணீர்

தொடுபுழாவில் ஒழுகாத வண்டி எது என்று கேட்டால், இன்னும் வாங்காத வண்டிதான் என்பான் ஸ்கரியா. மூவாற்றுப்புழா சாலை வளைவில், ரப்பர் ஷீட் கடைக்கும் மணியப்பனின் பெயின்ட் ஷெட்டுக்கும் நடுவில் இருக்கிறது அவனுடைய ஒர்க்‌ஷாப். வண்டி உள்ளே நுழைந்ததும் மற்ற மெக்கானிக்குகள் பானட்டைத் தூக்குவார்கள். ஸ்கரியா குனிந்து தரையைப் பார்ப்பான். ஊர் அவனை ஆசான் என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

அன்று காலை ஒரு டீச்சர் தன் காரை உயிருக்குப் பயந்து உருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வண்டியை எதுக்கு டீச்சரே இழுத்துக்கிட்டு வந்தீங்க? ராத்திரி அடியில பழைய பேப்பரை விரிச்சுப் போட்டு, காலையில அந்தப் பேப்பரைக் கொண்டு வந்தாப் போதுமே," என்றான் ஸ்கரியா. "கறுப்பா இருந்தா இன்ஜின் ஆயில். சிவப்பா இருந்தா ஸ்டியரிங் ஆயில். பச்சையா இருந்து இனிச்ச வாசம் அடிச்சா கூலன்ட்டு, அதைப் பூனை நக்காமப் பார்த்துக்கணும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடத் தோணினா கியர் ஆயில். உங்களுது வெறும் ஏசித் தண்ணி. வண்டிக்கு வேர்க்குது, அவ்வளவுதான். ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ் வாங்கிக் குடுத்து வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"பிரேக் ஆயில் போனா எப்படித் தெரியும் ஆசானே?" என்று கேட்டார் டீச்சர். படித்தவர் அல்லவா, பாடத்தை முழுசாகக் கேட்டுக்கொள்ளாமல் போவாரா?

"அது தண்ணியில ரெண்டு சொட்டுத் தேன் விட்ட நிறம். சக்கரத்துக்கு உள்பக்கம் நனைஞ்சிருக்கும், தொட்டா வழுக்கும். அது மட்டும் நாளைக்குப் பார்த்துக்கலாம்கிற கேஸ் இல்லை. பூசைக்கு நேரமாச்சுன்னாலும் வண்டியை அங்கேயே போட்டுட்டு நடந்து போங்க."

இந்த நேரத்தில்தான் அவனுடைய போன் அடித்தது. திரையில் சாக்கோச்சன் என்று பெயர். ஸ்கரியா அதைப் பார்த்தான், நறுக்கென்று வெட்டிவிட்டான். மறுபடி அடித்தது. மறுபடியும் வெட்டினான். டீச்சர் ஏதோ கடன்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார்.

கடன்காரனாக இருந்தால்தான் பரவாயில்லையே! சாக்கோச்சன் என்பவன், ஸ்கரியாவின் மனைவி ரோசிலியை அவனுக்கு முன்னால் பெண் பார்த்துவிட்டுப் போனவன். வந்தான், சாயா குடித்தான், நேந்திரங்காய் வறுவலை, அந்த ஊர் உப்பேரியைத் தின்றான், போனான். வேலை வெட்டி இல்லாத பையனுக்குப் பெண் கிடையாது என்று ரோசிலியின் அப்பன் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஸ்கரியா போனான்; கல்யாணம் முடிந்தது. விஷயம் அத்தோடு தீர்ந்திருக்கும். ஆனால் ரோசிலிக்கு வாய் சும்மா இருக்காது.

"சாக்கோச்சன் பாதி தின்னுட்டு வச்ச உப்பேரியைத்தான் எங்கம்மா உங்களுக்கு வச்சாங்க இச்சாயா. நீங்க தட்டையே காலி பண்ணிட்டீங்க," என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு தமாஷ். ஸ்கரியாவும் சிரித்தான். சிரித்தானே தவிர அந்த உப்பேரி அவனுக்கு இன்றுவரை ஜீரணம் ஆகவில்லை. அடுத்தவன் மிச்சம் வைத்ததைத் தின்றவன் என்ற நினைப்பு அவன் வயிற்றிலேயே குடியிருந்தது.

அந்தச் சாக்கோச்சன் இப்போது அயர்லாந்தில் நர்ஸ். லீவில் வந்திருக்கிறான், தனியாக வந்திருக்கிறான் என்றுதான் ஸ்கரியாவின் காதில் விழுந்தது. லீவு முடிகிற வரைக்கும் ஓட்ட ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். நம்பர் கொடுத்தான், நம்பர் வாங்கினான். போகிற போக்கில், "ரோசிலி மாறவே இல்லையே அச்சாயா!" என்று சொல்லிவிட்டும் போனான். மனுஷன் பேசுகிற பேச்சா அது? அன்றிலிருந்து ஸ்கரியாவுக்கு வயிற்றெரிச்சல். சட்டையை இஸ்திரி போட்டு மடக்கியிருக்கிற விதம், கழுத்தில் இருக்கிற வாசனை, அந்த வெளுத்த பல், எல்லாம் எரிந்தது. ரோசிலி ஞாயிற்றுக்கிழமை என்ன புடவை கட்டியிருந்தாள், ஏன் அதைக் கட்டினாள் என்று யோசித்தே திங்களும் செவ்வாயும் போயின. இவன் போனை எடுத்து இவனோடு நான் பேசணுமா?

மத்தியானம் சாப்பாட்டுக்கு பைக்கில் வீட்டுக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. சாவி ஜன்னல் கம்பியில் தொங்கியது. உள்ளே மேசைமேல் ரோசிலியின் போன் கிடந்தது. ரோசிலி இல்லை. ஆனால் முற்றத்தில் பதித்த டைல்ஸில் ஒரு குளம் இருந்தது.

மற்றவனாக இருந்தால் தாண்டிப் போயிருப்பான். ஆசான் குந்தி உட்கார்ந்தான். கார் நின்ற தடம் தெரிந்தது. முன்பக்கம் நடுவில் தண்ணீர் கொட்டிச் சரிவில் ஓடி, பின்சக்கரம் நின்ற இடத்தில் தேங்கியிருந்தது. ஏசித் தண்ணீர். சந்தேகமே இல்லை. இன்ஜினை அணைத்த வண்டி நாலு சொட்டு விடும், நின்றுவிடும். இவ்வளவு கொட்டியிருக்கிறது என்றால் வண்டி நின்றபடி ஓடியிருக்கிறது. ஏசி போட்டிருக்கிறார்கள். கண்ணாடி ஏற்றியிருக்கிறார்கள். வீட்டில் மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, தின்ன உப்பேரியும் இருக்கிறது. வீட்டுக்குள் வராமல் வண்டிக்குள் உட்கார்ந்து அப்படி என்ன பேச்சு?

தேங்கிய தண்ணீரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். லேசாக வழுக்கியது. காலையில் ரோசிலி துணி அலசிய சோப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டான். விரலை பைக் டேங்கில் மூன்று தரம் இழுத்துத் துடைத்தான். போன மாதம்தான் மணியப்பன் அதற்கு ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தான்.

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். ஸ்கரியாவுக்கு வந்திருந்தது தலைகீழ்க் காமாலை. மஞ்சளாக இருந்ததும் அவனுக்கு வெறும் தண்ணீராகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அன்னக்குட்டி சேச்சி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"யாரைத் தேடுறே? ரோசிலியையா? அவ போயாச்சே."

"எங்கே போனா?"

"எங்கிட்ட யாரு சொல்லிட்டுப் போறாங்க? வெள்ளைக் கார் ஒண்ணு வந்துச்சு. ரொம்ப நேரம் உறுமிக்கிட்டே நின்னுச்சு. ஜம்முனு ஒரு ஆள் இறங்கினான், மறுபடி ஏறினான். ரோசிலி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொண்டு போய்க் குடுத்தா. அப்புறம் வீட்டைப் பூட்டிட்டு முன்சீட்டுல ஏறினா. வாகமண் வாகமண்னு பேச்சுக் கேட்டுச்சு. கண்ணாடி ஏத்தியிருந்துச்சு, உள்ளே என்ன நடந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? நான் யார் வீட்டு விஷயத்துலயும் தலையிடுறது இல்லைப்பா."

"நீங்க தலையிட மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமே சேச்சி," என்று சொல்லிவிட்டு ஸ்கரியா சாப்பிடாமலே வண்டியைத் திருப்பினான்.

அந்த மத்தியானம் அவன் ஒர்க்‌ஷாப்பில் பட்ட பாட்டை எதிரிகூடப் படக்கூடாது. ஒரு போல்ட்டைத் திருகித் திருகி அதன் மரையையே தேய்த்துவிட்டான். வாகமண் மேட்டில் குளிர் காற்று அடிக்கும். புல்வெளி இருக்கும். ரோசிலியை அவன் ஒரு தடவைகூட வாகமண்ணுக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. கேட்டாள், பல தடவை கேட்டாள். 'இந்த வண்டி முடியட்டும், அந்த வண்டி போகட்டும்' என்று தள்ளிப் போட்டுவிட்டான். இப்போது கூட்டிக்கொண்டு போக ஆள் வந்தாகிவிட்டது. முன்சீட்டு. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாளாமே! எனக்கு ஜுரம் வந்தபோது சுக்குத் தண்ணீர் வைக்க மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. வரட்டும் வீட்டுக்கு. அவள் கேட்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். இல்லை, திறப்பேன். திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு சாயா வந்தது. ஸ்கரியா பைக்கில் சாய்ந்தபடி கிளாஸை வாங்கினான். மணியப்பன் தன் கிளாஸோடு வந்தவன் டேங்கைப் பார்த்து அலறினான்.

"அய்யோ ஆசானே! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

சிவப்புப் பெயின்ட் விரல் அகலத்துக்கு மூன்று கோடாகச் சுருண்டு கொப்பளித்திருந்தது. மணியப்பன் நகத்தால் தொட்டான். தோல் மாதிரி உரிந்து வந்தது.

"உன் பெயின்ட்டு லட்சணம் அப்படி," என்றான் ஸ்கரியா.

"என் பெயின்ட்டைச் சொல்லாதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். பெட்ரோல் ஊத்தினாலும் இது அசையாது. பிரேக் ஆயில் கையை எவன் இதுல துடைச்சது? பெயின்ட்டை இப்படித் திங்கிறது அது ஒண்ணுதான். உங்களுக்குத் தெரியாததா? இன்னிக்கு எந்த வண்டிக்குப் பிரேக் பார்த்தீங்க?"

இன்று ஒரு வண்டிக்கும் அவன் பிரேக் பார்க்கவில்லை. ஸ்கரியா தன் விரலைப் பார்த்தான். பின்சக்கரம் நின்ற இடம். வழுக்கல். சோப்பு இல்லை. பிரேக் ஆயில் தண்ணீரில் மிதக்காது, கரைந்துவிடும். மற்ற எண்ணெய் மாதிரி வானவில் காட்டாது. அப்ரண்டிஸ் பையனுக்கு முதல் வருஷம் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. பின்சக்கரத்தில் ஒழுக்கு. மேட்டில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. வாகமண்ணிலிருந்து இறங்கும்போது, வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து, ஏதோ ஒரு வளைவில் பிரேக் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நொடியில் ஸ்கரியாவுக்கு வந்தது பயம் இல்லை. நல்லா வேணும் என்று தோன்றியது. வயிற்றில் இத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்த இடத்தில் ஜில்லென்று இருந்தது. வெளுத்த பல்லும் இஸ்திரிச் சட்டையுமாக ஒருத்தன் தனியாக உட்கார்ந்து பிரேக்கை மிதிமிதியென்று மிதிப்பதைக் கண்ணால் பார்த்தான். சாயாவை ஒரு வாய் குடித்தான். நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் முன்சீட்டு ஞாபகம் வந்தது.

கிளாஸ் கீழே விழுந்தது. சாயாவும் கிரீஸும் பட்ட விரலுக்குப் போன் பூட்டுத் திறக்கவில்லை. மணியப்பன் வாங்கித் திறந்து கொடுத்தான். ரோசிலியின் போன் வீட்டில் கிடக்கிறது. வேறு வழியே இல்லை. காலையில் இரண்டு தடவை வெட்டிய நம்பரை ஸ்கரியா அழுத்தினான். அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அழுத்தினான். எடுத்தது ஒரு பெண் குரல்.

"ரோசிலி! வண்டியை நிறுத்தச் சொல்லுடி அவனை! பிரேக் ஆயில் ஒழுகுது! இறக்கத்துல இறங்காதீங்க!"

"ரோசிலி சேச்சி இல்லைங்க, நான் பின்சி," என்றது அந்தக் குரல், சோர்வாக. "சாக்கோச்சனோட ஒய்ஃப். நீங்க யாரு? நாங்க இறங்கிக்கிட்டுத்தான் இருக்கோம்."

பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்து அழுதது. ஒரு கிழவி அதை அதட்டினாள். ஸ்கரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்துகொள்ள நேரமும் இல்லை.

"போனை அவன் காதுல வை மோளே. உடனே வை. சாக்கோச்சா, நான் ஸ்கரியா. மிதி எப்படி இருக்கு?"

"அச்சாயா! காலையிலேர்ந்து உங்களைத்தான்… மிதி பஞ்சு மாதிரி போகுது. இப்போ ரொம்பக் கீழே போகுது. அய்யோ, பிடிக்கலை அச்சாயா!"

"கத்தாதே. நான் சொல்றதை மட்டும் செய். எந்த கியர்ல இருக்கே?"

"மூணு."

"ரெண்டுக்குப் போடு. கிளட்ச்சை டக்குனு விடு, வண்டி உதறும், உதறட்டும். போட்டியா? இப்போ ஒண்ணு. போகாது, அழுத்திப் போடு. இன்ஜின் அலறினா அலறட்டும், உடைஞ்சா நான் பார்த்துக்கிறேன். ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பா இழுக்காதே, கொஞ்சம் கொஞ்சமா, பால் கறக்கிற மாதிரி. எந்தப் பக்கம் மலை?"

"இடது."

"இடது பக்கம் உரசு. பெயின்ட் போனா போகட்டும். மணியப்பன் இருக்கான், அடிச்சுக் குடுப்பான். உரசுடா!"

போனில் இன்ஜின் ஓலமிட்டது. பின்சி மாதாவைக் கூப்பிட்டாள். தகரம் கல்லில் இழுபடுகிற சத்தம் நீளமாகக் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கரியாவும் மணியப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு குழந்தை வீல் என்று அழுதது. அந்த அழுகையைப் போல இனிப்பான சத்தத்தை ஸ்கரியா தன் ஆயுளில் கேட்டதில்லை.

"நின்னுருச்சு அச்சாயா," என்றான் சாக்கோச்சன். அவனும் அழுதான். "ஓடையில ஒரு சக்கரம் இறங்கி நின்னுருச்சு. யாருக்கும் ஒண்ணும் இல்லை."

"ரோசிலி?"

"ரோசிலியா? அவளை மத்தியானமே சர்ச் வாசல்ல இறக்கிவிட்டோமே. பெருநாளுக்குக் கூட்டிப் பெருக்கணும்னு சொன்னா."

வீட்டுக்குப் போகிறபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அதற்குள் சாக்கோச்சன் ரோசிலிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் வாசலிலேயே நின்றாள். கல்யாணத்தன்று கூட அவள் முகம் அப்படி மலர்ந்து ஸ்கரியா பார்த்ததில்லை.

"இச்சாயா, அவங்கம்மா போன்ல என்னென்ன சொன்னாங்க தெரியுமா? உங்க பேருக்கு ஒரு பூசை வைக்கப் போறாங்களாம். வாங்க, முதல்ல சாப்பிடுங்க." மரவள்ளிக்கிழங்கையும் மீன் குழம்பையும் கொண்டுவந்து வைத்தாள். நடுத்துண்டு மீனாகப் பார்த்துப் போட்டாள். "பாவம் அந்தப் பின்சி. முந்தாநாள்தான் குழந்தையோட வந்து இறங்கியிருக்கா. மாசமா வேற இருக்கா. காரை இங்கே நிறுத்தினதும் வாந்தியா எடுத்தா. பின்சீட்டுல படுத்துட்டா, எழுந்திரிக்கவே முடியலை. அதான் ஏசி போட்டே வச்சிருந்தாங்க. குழந்தை கிழவி மடியில தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தேன்."

ஸ்கரியா கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சக்கரத்துல ஏதோ ஈரமா இருக்கு, அச்சாயன் ஒரு பார்வை பார்த்தாத்தான் மலை ஏறுவேன்னு இங்கே வந்தான். ரெண்டு தடவை போன் பண்ணினானாம், நீங்க எடுக்கலையாம். வேலையா இருந்திருப்பார்னு நான்தான் சொன்னேன். ஏசித் தண்ணியா இருக்கும், பயப்படாமப் போங்கன்னும் சொல்லித் தொலைச்சேன். நான் பெரிய மெக்கானிக் பொண்டாட்டி இல்லையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஆமா, வண்டியைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மத்தியானம் வந்தேன். முற்றத்துல தொட்டுப் பார்த்தேன்."

"மத்தியானம் வந்தீங்களா? அப்போ ஏன் சாப்பிடலை? சோறு வச்ச மாதிரியே இருந்துச்சே." ஸ்கரியா கிழங்கில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டான். "மத்தியானமே தெரிஞ்சிருந்தா ஏன் சாயங்காலம் போன் பண்ணினீங்க?"

அவள் நின்றாள். ரோசிலிக்குத் தரையைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஸ்கரியாவின் முகத்தைப் படிக்க அவளுக்குப் பழைய பேப்பர் விரிக்க வேண்டியதில்லை.

"நான் அந்த வண்டியில இருக்கேன்னு நினைச்சீங்க. அப்படித்தானே? அவனோட."

"அன்னக்குட்டி சேச்சிதான்…"

"அன்னக்குட்டி சேச்சியை விடுங்க. நான் சர்ச்ல இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா போன் பண்ணியிருப்பீங்களா இச்சாயா?"

பண்ணியிருப்பேன் என்கிற சொல் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் அந்த நேரம் பார்த்து வாய் அவனுக்கு ஒத்துழைக்கவில்லை.

"முதல்ல சந்தோஷமா இருந்துச்சுடி," என்றான். "அவன் மட்டும்தான் போறான்னு நினைச்சேன். அப்புறம் நீ ஞாபகத்துக்கு வந்தே."

ரோசிலி கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மீன் சட்டியை மூடினாள்.

"நான் ஞாபகத்துக்கு வந்தது நல்லதாப் போச்சு," என்றாள். "இல்லேன்னா நாளைக்குச் சர்ச்ல நாலு பெட்டி வச்சிருப்பாங்க. நீங்கதான் முதல் ஆளா வந்து தோள் குடுத்திருப்பீங்க. ஸ்கரியா ஆசான் எவ்வளவு நல்லவன்னு ஊரே சொல்லியிருக்கும். நானும் சொல்லியிருப்பேன்."

விளக்கைப் போட்டுவிட்டு அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். ஸ்கரியாவின் தட்டில் நடுத்துண்டு மீன் அப்படியே ஆறிப்போனது.